நாலு கலர் மிஷினுக்கு ஆள் பிடித்தது

சிவகாசியில் நான் வேலை பார்த்த பிரஸ்ஸில் அப்போது எல்லாமே ஒரு கலர் மிஷின்கள்தான். காலண்டர் முருகன் முதலில் மஞ்சளாக வெளியே வருவார். மறுபடி உள்ளே போய்ச் சிவப்பார், பிறகு நீலம். கடைசியில் கறுப்பு ஏறினால்தான் முழு முருகன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட எனக்கு அங்கே தாள் அடுக்குகிற வேலை. கையைவிட வாய்க்குத்தான் வேலை அதிகம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஊரில் ஒவ்வொரு பிரஸ்ஸாக நாலு கலர் மிஷின் வந்து இறங்கியது. எங்கள் முதலாளியும் ஒன்று வாங்கினார். நாலு கலரும் ஒரே ஓட்டத்தில் விழுந்துவிடும் என்றதும் எல்லோரும் மூலைக்கு மூலை கூடிப் பேசினார்கள். முக்கால்வாசிப் பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று கிளப்பிவிட்டவன் மூத்த மிஷின்மேன், என் கூட்டாளி. அவன் பேச்சைக் கேட்டு நாலு பேர் பக்கத்துத் தெரு பிரஸ்ஸுக்குக் கிளம்பத் தயாராக இருந்தார்கள்.

முதலாளி என்னை அறைக்குக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். "ஏலே, நீ சொன்னா சிரிச்சுக்கிட்டே கேப்பானுக. ஒன் கூட்டாளியைச் சரிக்கட்டிரு. புது மிஷினை ஓட்டுற வேலை ஒனக்குத்தான்."

அன்றிலிருந்து ஒரே பிரசாரம். மிஷின் தாளைத்தான் தின்னும், ஆளைத் தின்னாது என்றேன். பெண் பார்க்கப் போவது மாதிரி ஒவ்வொருவரையும் அதனிடம் கூட்டிப்போனேன். யாரையும் அனுப்பமாட்டேன் என்று முதலாளியையே எல்லார் முன்னாலும் சொல்ல வைத்தேன். மற்றவர்கள் இளகினார்கள். கூட்டாளி மட்டும் முறுக்கிக்கொண்டு நின்றான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனை விருதுநகருக்கு பஸ் ஏற்றி எண்ணெய் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். தின்பான், விரலை நக்குவான், யோசிக்கணும் என்பான்.

ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகளைத் தொகுத்த ஆல்பத்துக்குப் பூஜை போடுவது ஊர் வழக்கம். அன்றைக்கே மிஷினையும் ஓட்டினார்கள். முதல் தாளை முதலாளி யார் கையில் கொடுக்கிறாரோ அவன்தான் அந்த மிஷினுக்கு ஆள். எங்கள் பிரஸ்ஸில் அப்படித்தான். புதுச் சட்டை போட்டு முன்னால் போய் நின்றேன். முருகன் ஒரே ஓட்டத்தில் முழுசாக வந்தார். முதலாளி தாளில் சந்தனம் வைத்து, என்னைத் தாண்டிக் கையை நீட்டினார். கூட்டாளி வாங்கிக்கொண்டான். அவனும் புதுச் சட்டைதான் போட்டிருந்தான்.

எல்லோரும் ஏதாவது கேலி வரும் என்று என் வாயைப் பார்த்தார்கள். நான் குனிந்து, விழுந்த தாள்களை அடுக்க ஆரம்பித்தேன்.

வெளியே வந்ததும் அவனைப் பிடித்தேன். "எப்பலே மொதலாளிகிட்ட பேசி முடிச்ச?"

"ஒரு மாசம் இருக்கும் மாப்ள."

"அப்பப் போன வாரம் தின்ன பரோட்டா?"

"நீ ஆசையாக் கூப்பிட்டியே."

உள்ளே போய் முதலாளியையும் கேட்டேன். அவர் கொஞ்சமும் நெளியவில்லை. "அவன் போனா நாலு பேரைக் கூட்டிட்டுப் போயிருவான். நீ எங்கலே போகப் போற?" என்றார், ஏதோ பாராட்டுகிற மாதிரி.

பொங்கல் கழிந்து மறுபடி கூப்பிட்டார். மறுபடி டீ. பைண்டிங்குக்கும் மிஷின் வரப்போகிறது, பொம்பளை ஆட்கள் பயப்படாமல் நான்தான் பேசிப் பக்குவப்படுத்த வேண்டும் என்றார்.

"அவுகளுக்குத் தெரியுமா மொதலாளி?"

"இன்னும் யாருக்கும் சொல்லல. ஒனக்குத்தான் மொதல்ல."

டீயைத் தொடாமல் எழுந்து பைண்டிங் பக்கம் போனேன். தாள்களை அடுக்கித் தட்டிக்கொண்டிருந்த அக்காமாரிடம் மிஷின் வரப்போவதையும் முதலாளி என்னைப் பேசச் சொன்னதையும் அப்படியே சொன்னேன். இவன் ஆரம்பித்துவிட்டான் என்று எல்லோரும் சிரித்தார்கள்.

மறுபடியும் சொன்னேன்.