முகம் தெரியாத சீட்டு

என் நாத்தனாருக்கு வந்த வரனைப் பற்றி எங்கள் வீட்டில் யாருக்கும் குறையில்லை. கச்சிராயபாளையத்தில் கரும்பு போடும் குடும்பம். மாப்பிள்ளைக்குச் சேலத்தில் வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் மறுநாளே சம்மதம் சொல்லிவிட்டார்கள். மாமனாருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். தியாகதுருகம் கடைத்தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். நிச்சயத்துக்கு நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போது நாத்தனார், "ஒரு தடவ டாரட் சீட்டும் பாத்துடலாம்மா" என்றாள்.

எனக்கு அதுதான் முதலில் உறுத்தியது. அவள் வெள்ளிமலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். கோயிலில் விபூதி கொடுத்தால் நெற்றியில் வைக்காமல் கைக்குட்டையில் துடைத்துக்கொள்கிறவள். அவளுக்கு எங்கிருந்து வந்தது திடீரென்று இந்த நம்பிக்கை? அதைவிட ஆச்சரியம், மாமியார் மறுபேச்சு பேசாமல் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பியது.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது அந்த லேடீஸ் டெய்லர் கடை. தைக்கிற அக்காதான் சீட்டும் பார்ப்பவர். கொரோனாவில் கடை மூடிக்கிடந்தபோது ஆன்லைனில் கற்றுக்கொண்டாராம். துணி வெட்டும் மேசையிலிருந்து கத்தரிக்கோலையும் சாக்பீஸையும் ஒதுக்கிவிட்டுப் படம் போட்ட டாரட் சீட்டுகளைக் கவிழ்த்துப் பரப்பினார். நாத்தனாரைப் பார்த்து, "உன் பேரு இன்னாம்மா?" என்று கேட்டார். அவளும் சொன்னாள்.

மாமியாரே ஒரு சீட்டை எடுத்தார். பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. வானவில், அதில் வரிசையாகப் பத்துக் கோப்பைகள், கீழே கைதூக்கி நிற்கும் கணவன் மனைவி, ஆடுகிற குழந்தைகள், தூரத்தில் ஒரு வீடு. இதைவிட நல்ல படம் என்ன இருக்க முடியும்?

அந்த அக்கா சீட்டை மாமியார் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"எல்லாம் நல்லாத்தாம்மா இருக்குது. ஆனா அந்த ஆம்பள எந்தப் பக்கம் பாத்துக்கினு நிக்கறாரு?"

"அந்தப் பக்கம்."

"முதுகுதான் தெரியுது. முகம் தெரியல. பொண்ணு குடுக்கறதுக்குக் கேட்டு இது வந்தா, ஆளோட முகத்த நீங்க இன்னும் பாக்கலன்னு அர்த்தம்."

"வூட்டுக்கே வந்து காபி குடிச்சிட்டுப் போனாரே."

"அது வந்த அன்னிக்கு வச்சிக்கினு வந்த முகம். கொஞ்சம் நிறுத்தி வைங்க."

மாமியார் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் போனில் அந்தச் சீட்டைத் தேடினேன். பார்த்த வீடியோக்களில் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: குடும்ப சந்தோஷம், நிறைவு, கல்யாணத்துக்கு ரொம்ப நல்ல சீட்டு. முதுகைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அப்படியானால் இந்த அம்மாள் ஏன் நல்ல சீட்டுக்குக் கெட்ட அர்த்தம் சொன்னார்? கையில் வேறு மாப்பிள்ளை வைத்திருக்கிறாரோ? கச்சிராயபாளையத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்கு ஆகாதவர்கள் யாராவது சொல்லிக்கொடுத்தார்களோ? அன்று முழுக்க எனக்கு இதே யோசனை.

அந்த வாரமே ஒரு ரவிக்கைத் துணியை எடுத்துக்கொண்டு தனியாக அந்தக் கடைக்குப் போனேன். அளவு எடுக்கும்போது, "அந்த வானவில் சீட்டு நல்ல சீட்டாமே" என்றேன்.

டேப்பை என் தோளில் வைத்தபடியே அவர் சொன்னார். "நல்ல சீட்டுதாங்க. கேக்கறவங்களப் பாத்துதான் சொல்ல முடியும். அம்பது பேருக்கு ஒரே அளவுல தச்சிக் குடுத்தா யாரு போடுவாங்க?"

பதில் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என் கண் அவர் தலைக்குப் பின்னால் கம்பியில் தொங்கிய சுடிதாரில் நின்றுவிட்டது. மாம்பழ மஞ்சளில் பழுப்புப் பூ. 'எந்த கலர் எடுக்கட்டும் அண்ணி?' என்று போன மாதம் நாத்தனார் போட்டோ அனுப்பியபோது நான் தேர்ந்தெடுத்துச் சொன்ன அதே துணி. அன்றைக்கு இவர்கள் இரண்டு பேரும் முன்பின் தெரியாதவர்கள் போலப் பெயர் கேட்டுக்கொண்டார்களே.

மாமனாரின் சர்க்கரைக்குச் சாமை வாங்கி வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு மலை பஸ் ஏறினேன். வழியெல்லாம் அவள் யாரையோ விரும்புகிறாள் என்றே முடிவுகட்டிக்கொண்டு போனேன். வெள்ளிமலையில் இன்னொரு நர்ஸுடன் அவள் தங்கியிருந்த அறையில் ஆணின் சட்டை, செருப்பு ஏதாவது கிடக்கிறதா என்றுகூட என் கண் தேடியது.

"மஞ்ச சுடிதார் தச்சி ரெடியா தொங்குது" என்றேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. மறுக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து போனை என்னிடம் நீட்டினாள். சம்மதம் சொன்ன நாளிலிருந்து மாப்பிள்ளை அனுப்பியவை. எங்க இருக்க? பஸ்ல பக்கத்து சீட்டுல யாரு? ரூம போட்டோ எடுத்து அனுப்பு. மலைல சிக்னல் இல்லன்னு தினமும் சொல்ற, மத்தவங்களுக்கு மட்டும் எப்படி கெடைக்குது? இடையிடையே இதயப் படங்கள். நான் மேலே தள்ளத் தள்ள அது முடியவே இல்லை.

"அம்மாகிட்ட காட்டியிருக்கலாமே?"

"அப்பாகிட்டயே காட்டனேன் அண்ணி. அக்கறையாத்தான கேக்கறாரு, உனுக்கு இன்னா கொறைன்னுட்டாரு. அதான் டெய்லர் அக்காகிட்ட அழுதேன். எந்தச் சீட்டு வந்தாலும் பாத்துக்கறேன்னாங்க."

அவள் அழவில்லை. நான் வழியில் வாங்கியிருந்த சாமைப் பையின் வாயை எனக்காக இறுக்கிக் கட்டிக் கொடுத்தாள். பஸ் மலையிறங்கும்போது எனக்கு அந்த மாப்பிள்ளை மேல் கோபம் வந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நானும் அவள் அறையை அவரைப் போலத்தான் துழாவினேன் என்பது நினைவுக்கு வந்தபோது முகம் சுட்டது.

வீட்டில் மாமனார் காத்திருந்தார். மாமியார் சீட்டு விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அவருக்கு அரை நம்பிக்கை, அரை எரிச்சல்.

"நீ படிச்ச பொண்ணு. அந்தச் சீட்டுக்கு போன்ல இன்னா போட்டிருக்குது, பாத்துச் சொல்லு."

நான் போனை எடுத்தேன். படத்தைப் பெரிதாக்கி அவரிடம் காட்டினேன்.

"முகம் தெரியாத சம்பந்தம், வேணாம்னுதான் மாமா போட்டிருக்குது."

அவர் அந்த முதுகை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தரகரிடம் வேறு ஏதாவது காரணம் சொல்லிக்கொள்ளலாம் என்றார். பெண்ணுக்கு மேலே படிக்க ஆசை என்று சொல்லி வரன் நின்றுபோனது. ஆடிக்கு முன்பே அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் முடிந்ததாகக் கேள்விப்பட்டோம். அந்தப் பெண் யாரோ என்று எனக்கு இப்போதும் தோன்றும்.

அதற்கப்புறம் ஒருநாள் நானும் மாமியாரும் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தோம். அவராகவே ஆரம்பித்தார்.

"அந்த மாப்ளையோட அம்மா எனுக்கு போன் பண்ணா. உங்க பொண்ணு ராவுல ஆன்லைன்ல இருந்தாளாமே, யாருகிட்ட பேசனான்னு கேட்டா."

"எப்ப அத்தை?"

"நாம சீட்டு பாக்கப் போனதுக்கு மொத நாளு."

"அப்பவே மாமாகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நான் சொன்னா உங்க மாமா கேப்பாரா? சீட்டுல வந்துதுன்னாதான் கேப்பாரு."

சீட்டுக்கு நான் சொன்ன அர்த்தம் பொய் என்று இவருக்குத் தெரியுமா? தாயும் மகளும் பேசிவைத்துக்கொண்டுதான் என்னையும் மாடியேற்றினார்களா? கேட்கலாமா என்று நிமிர்ந்தேன். அவர் தோலை முறத்தில் ஒதுக்கிப் புடைக்க ஆரம்பித்திருந்தார்.