நாத்தனார் கொண்டுவந்த பழத்தோல்

மலேசியாவில், மந்தின் ஊர்ப் பக்கத்து முட்டைப் பண்ணைகளில் வயதாகிவிட்ட கோழிகளை மலிவாகக் கழித்துவிடுவார்கள். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கறிக்குத்தான் வாங்குவார்கள். நான் வளர்க்க வாங்கினேன். வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள், முழங்காலும் ஒத்துழைக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. ரந்தாவ் ஊருக்கு வெளியே, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தில் எங்கள் வீடு. பின்னால் கொஞ்சம் இடம் இருந்தது. தோட்டத்து லாரி ஓட்டும் என் கணவர், பழைய தகரங்களை வைத்து ஒரு கொட்டகை அடித்துக் கொடுத்தார்.

பிறந்ததிலிருந்து கம்பிக் கூண்டுக்குள்ளேயே நின்ற கோழிகள் அவை. மண்ணில் இறக்கிவிட்டதும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றன. கழுத்தில் பாதி இறகு இல்லை. மண்ணைக் கிளறவே அவற்றுக்கு வெகுநாள் பிடித்தது. ஆனால் முட்டை இட்டன. பண்ணைக்குப் போதாத முட்டை எங்கள் வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் தாராளமாகப் போதும்.

என் கணவரின் தங்கை சிரம்பான் நகரத்து லோபாக் பகுதியில் பழச்சாறுக் கடை வைத்திருக்கிறாள். தனியாள். தீபாவளிக்கு வருவாள், சாப்பிட்டதும் கிளம்பிவிடுவாள். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. பேச என்ன இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியாது, அவ்வளவுதான். பக்கத்துக் கடைக்காரர் அவளுடைய குப்பையில் ஈ மொய்க்கிறது என்று சத்தம் போட்ட பிறகு, ஒரு நாள் என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணி, பப்பாளித் தோல், தர்பூசணித் தோல்லாம் வீணாப் போவுது. உங்க கோழிங்க திங்குமா?"

"கொண்டு வாயேன், பாப்போம்" என்றேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. கடையை அடைத்ததும் மோட்டார் சைக்கிளில் வாளியைக் கட்டிக்கொண்டு சாயங்காலம் வந்துவிடுவாள். தர்பூசணித் தோலைக் கோழிகள் பச்சைக் காகிதம் மாதிரி ஆகும்வரை கொத்தின. அன்னாசித் தோலைப் பொடியாக நறுக்கினால்தான் தொட்டன. முதலில் கொண்டுவந்ததையெல்லாம் கொட்டினேன். எச்சம் தண்ணீராகப் போனது, முட்டையும் குறைந்தது. பழத்தால் வயிறு நிறைந்துவிட்டால் தீவனம் தின்பதில்லை, தீவனம் தின்னாமல் முட்டை எங்கிருந்து வரும்? பிறகு காலையில் தீவனம் மட்டும், சாயங்காலம் ஒரு கை பழத்தோல் என்று வைத்துக்கொண்டேன். மீந்ததைத் தகரத்தில் காயவைத்தேன். முட்டை பழையபடி வந்தது. பப்பாளி போட்ட நாட்களுக்குப் பிறகு மஞ்சள்கரு கொஞ்சம் சிவந்திருந்ததாக எனக்குத் தோன்றியது. கணவர் ஒத்துக்கொள்ளவில்லை.

கொட்டகை வாசலில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து கோழிகளைப் பார்ப்பது நாத்தனாருக்குப் பழகிப்போயிற்று. "அந்தக் கழுத்து மொட்டையைப் பாருங்க அண்ணி, எல்லாத்தையும் வெரட்டுது லா" என்று சிரிப்பாள். அவள் அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் அதுவரை கேட்டதில்லை.

ஒரு நாள் காலையில் கொட்டகையைத் திறந்தபோது கோழிகள் வெளியே வரவில்லை. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கின. இரண்டு ஏற்கெனவே விறைத்துக் கிடந்தன. மதியத்துக்குள் இன்னும் சில போயின. என்னவோ நோய் என்று பயந்தேன். எதிர்வீட்டு அம்மா தன் நாட்டுக்கோழிகளை அவசரமாக அடைத்தார். கணவர் செத்த கோழி ஒன்றைப் பையில் கட்டி, என்னைச் சிரம்பானில் இருக்கும் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போனார்.

அந்த மருத்துவர் மலாய்ப் பெண். கோழியைப் பார்த்துவிட்டு, என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். பழத்தோல் என்றேன். என்னென்ன பழம் என்றார். எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நாத்தனாருக்கு அங்கேயே போன் போட்டேன்.

"எப்பவும் போலத்தான் அண்ணி. பப்பாளி, அன்னாசி, வாழை... நேத்து அவகாடோவும் இருந்துச்சி. புதுசா ஜூஸ் போட ஆரம்பிச்சிருக்கேன்ல. ஏன், என்னாச்சி?"

அவகாடோ என்ற சொல் போனிலிருந்து கேட்டதுமே மருத்துவர் நிமிர்ந்தார். பறவைகளுக்கு அது விஷம், தோலும் கொட்டையும் ரொம்ப மோசம், இதயத்தைப் பாதிக்கும் என்று நிதானமாகச் சொன்னார். தொற்றுநோய் மாதிரி தெரியவில்லை, ஆனாலும் கோழியைச் சோதித்துப் பார்ப்பதாகச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்.

நாத்தனார் அன்றைக்கே ஓடிவந்தாள். கொட்டகைக்குள் போகவில்லை. வாசலில் நின்றுகொண்டே, "மனுசங்க குடிக்கிறதுதானே அண்ணி, அது கொல்லும்னு யாருக்குத் தெரியும்?" என்று அழுதாள். எனக்கும் தெரியாது என்றேன். அவள் காதில் அது ஏறவில்லை. கணவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு செம்பனை ஓரமாகக் குழி தோண்டப் போனார்.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. போன் செய்தால் கடையில் கூட்டம் என்பாள். பிழைத்த கோழிகள் மெல்லத் தேறின. சாயங்காலம் மோட்டார்ச் சத்தம் ஏதாவது கேட்டால் வேலி ஓரம் ஓடிவந்து நின்றன. நானும் எட்டிப் பார்த்தேன். கோழிகளாவது தோலுக்காக வந்தன. நான் எதற்காகப் பார்த்தேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் வராததை நான் ஒரு குறையாக நினைத்ததே இல்லை.

பஸ் பிடித்து லோபாக்குக்குப் போனேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு ஆரஞ்சுச் சாறு பிழிந்து வைத்தாள். குடித்து முடித்து, அவளுடைய குப்பைத் தொட்டியிலிருந்து பப்பாளித் தோலை எடுத்து என் பையில் போட ஆரம்பித்தேன்.

"விடுங்க அண்ணி. எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும் பயந்தான். அதான் ஒண்ணொண்ணாப் பாத்து எடுக்குறேன்."

கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு அவளும் குனிந்து எடுக்கத் தொடங்கினாள். சாறு வாங்க வந்த பையன்கள் எங்கள் இருவரையும் விநோதமாகப் பார்த்தார்கள்.

அவகாடோவை வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள், அதனால் நிறுத்த முடியவில்லை. அதற்குத் தனிப் பலகை, தனிக் கத்தி, கடைக்குப் பின்னால் தனித் தொட்டி என்று வைத்துவிட்டாள். இப்போது வந்ததும் வாளியைத் தகரத்தில் கவிழ்த்து, இரண்டு பேரும் உட்கார்ந்து தோல் தோலாகப் பார்க்கிறோம். அழுகியதை ஒதுக்கிவிட்டு மற்றதை நறுக்குகிறோம். அதற்கு நேரமாகிறது. கை வேலையில் இருந்தால் வாய் தானாகப் பேசுகிறது போலிருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தனக்கு ஒரு அறுவைச் சிகிச்சை நடந்ததையும், யாரிடமும் சொல்லாமல் டாக்சி பிடித்துத் தனியாகவே போய் வந்ததையும் போன மாதம் அப்படித்தான் சொன்னாள், வாழைத்தோலை நறுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல்.

"ஏம்மா சொல்லல?" என்றேன்.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல அண்ணி."

அடுத்த பரிசோதனை எப்போது என்று கேட்டேன். சொன்னாள். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.