ஆரத்திக்குக் கேட்ட நெக்ரோனி

நெக்ரோனி இத்தாலிக்காரர்களின் பழைய காக்டெயில். சிவப்பான கசப்பு மது ஒரு பங்கு, வெர்மூத் என்கிற மூலிகை ஒயின் ஒரு பங்கு, ஜின் ஒரு பங்கு. ஜின்னுக்குப் பதிலாக நுரைக்கிற ஒயினை ஊற்றினால் அது இன்னொரு வகை நெக்ரோனி. அதில் என் கை பேர் போனது. மாமல்லபுரம் கடற்கரை ரிசார்ட் ஒன்றில் அப்போது நான் பார்டெண்டர். விசேஷ நாட்களில் கசப்பையும் வெர்மூத்தையும் முன்கூட்டியே பெரிய கண்ணாடி ஜாடியில் கலந்து குளிர வைத்துவிடுவேன். ஒயினை மட்டும் ஆள் வந்து கேட்ட பிறகு, கோப்பையின் ஓரமாக, மெதுவாக ஊற்றவேண்டும். அவசரப்பட்டால் நுரையெல்லாம் செத்துப்போகும்.

வேடந்தாங்கல் பக்கத்து எங்கள் ஊரில் இதைச் சொல்ல முடியுமா? புதுப்பட்டினத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்களிடம், "ஓட்டல்ல ஜூஸ் போடறா" என்று அம்மா அடித்துவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, மகராசி. நிச்சயமும் முடிந்து, தையில் கல்யாணம் என்றாகிவிட்டது. எனக்குப் பார்த்த மாப்பிள்ளை சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். எனக்கு அவரைப் பிடித்துப்போனதுதான் வினை. போனில் ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொல்ல வாயெடுப்பேன், வராது.

அன்று சாயங்காலம் ரிசார்ட்டில் ஒரு கல்யாண ரிசப்ஷன். அந்தக் கல்யாண மாப்பிள்ளைக்கு நாவலூரில் ஐ.டி. வேலை. அவனுடைய நண்பர்களுக்காகத்தான் பார். நம் கல்யாணங்களில் பாரைப் பெரியவர்கள் கண்ணில் காட்டமாட்டார்களே! புல்வெளி மூலையில் மூன்று பக்கமும் திரை கட்டி, பின்னால் மதில் சுவரோடு என்னை நிறுத்தியிருந்தார்கள். பாட்டில்கள் மேசைக்கு அடியில். மேலே ஆரஞ்சுத் துண்டுகளும் ஐஸும் என் சிவப்பு ஜாடியும் மட்டும். புழுக்கம் தாங்கவில்லை.

திரையை விலக்கிக்கொண்டு ஒரு அம்மாள் உள்ளே வந்தார். என் வருங்கால மாமியார்! கல்யாணப் பெண் வீட்டுக்கு உறவாம்.

"அட, நீ இங்கியா கீற! நல்லதாப் போச்சும்மா. எம் புள்ளையும் வந்துகீறான், வெளிய நிக்கிறான். பொண்ணு மாப்ள கார வுட்டு எறங்கிட்டாங்க. ஆரத்தித் தட்டுக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் எடுத்தார மறந்துட்டாளுங்க. இந்த ஜூஸு இன்னா செவப்பு பாரேன்! தட்டுல ஊத்திக் குடு."

ஜாடியின் காதைப் பிடித்துவிட்டார். எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய கதை. மாதுளம் ஜூஸ் என்று சொல்லிக் கொடுத்துவிட்டால் நான் தப்பித்தேன். ஆனால் சரக்கைச் சுற்றித் திருஷ்டி கழித்து, அதையே தொட்டுப் புதுப்பெண் நெற்றியில் வைப்பதா? நாளைக்கு நானும் மணையில் உட்காரவேண்டியவள்தானே. ஜாடியின் இன்னொரு பக்கத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அத்த, வுடுங்க. இது ஜூஸ் இல்ல. சரக்கு."

"யாரு கலக்குனது?"

"நான்தான். இதான் என் வேல."

அத்தை குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முடிந்தது கல்யாணம் என்று நினைத்தேன். சொல்லப்போனால், நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் அந்த நொடியே இறங்கிவிட்டது.

"பீடாக்காரர்கிட்ட சுண்ணாம்பு கீது, கிச்சன்ல மஞ்சத்தூளு கேளுங்க" என்றேன். ஓடிவிட்டார்.

ஆரத்தி முடிந்து, அத்தை திரும்பி வந்தார். திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன். என் நெற்றியில் ஈர விரலால் ஆரத்திப் பொட்டு வைத்தார்.

"குடுத்துட்டு கம்முனு இருந்திருக்கலாம் நீ. சொன்ன பாரு, அந்த மனசு யாருக்கு வரும்? நீதான் எம் மருமவ."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இனி என் மாப்பிள்ளையிடமும் நானே சொல்லிவிடலாம், எல்லாம் சரியாகிவிடும் என்று சந்தோஷப்பட்டேன்.

அத்தை திரையை நன்றாக இழுத்து மூடினார்.

"ஆனா இது நம்ம ரெண்டு பேரோட போவணும். எம் புள்ளைக்கு இந்த ஜென்மத்துல தெரியக்கூடாது. சத்தியம் பண்ணு."

உள்ளங்கையை நீட்டினார். திரைக்கு அந்தப் பக்கம், மிகப் பக்கத்தில், என் மாப்பிள்ளையின் குரல் கேட்டது: "யம்மா, எங்க பூட்ட?"

அத்தை என்னையே பார்த்தார். நான் அந்தக் கைமேல் கையை வைத்தேன்.