ஆறு தடவை, ஏழு வரி, அரை மீசை

போன ஞாயிற்றுக்கிழமை காலை வரை எனக்கு மீசை இருந்தது.

இந்தப் பத்தியின் தலையில் அச்சாகிற படத்தில் பார்க்கிறீர்களே, அதே மீசைதான். இருபது வருஷம் எண்ணெய் போட்டு வளர்த்தது. ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் என் பேரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. மீசையைச் சொன்னால் தெரியும்!

அதை நான் ஒரு நம்பரை நம்பித் தொலைத்தேன். 142857.

சாதாரண நம்பர் இல்லை, ஸார். இரண்டால் பெருக்குங்கள்... 285714. மூன்றால்? 428571. ஆறு வரைக்கும் எதால் பெருக்கினாலும் அதே இலக்கங்கள், அதே வரிசை. ராமேஸ்வரத்துப் பிராகாரம் சுற்றும் ஒரே குடும்பம் மாதிரி — ஆரம்பிக்கிற ஆள்தான் மாறும். ஒரு புஸ்தகத்தில் படித்தேன். படித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா?

அன்று காலை என் மனைவியின் அண்ணன் வந்திருந்தார். வாலிநோக்கம் உப்பளத்தில் லாரிக்கு ஏற்றுகிற உப்புக் கூடைகளை எண்ணுவது அவர் வேலை. எனக்குச் சவரம் செய்ய முனியாண்டியும் பெட்டியோடு வந்திருந்தார். இரண்டு பேர் கேட்க இருந்தால் எனக்கு வாய் நிற்காது.

“ஆறால பெருக்கிப் பாருங்க மச்சான். அதே இலக்கம் வரலைன்னா இப்பவே மீசையை எடுத்துர்றேன்!”

“எனக்குப் பெருக்கல் வராது மாப்ள. ஆறு தடவை எழுதிக் கூட்டுறேன், போதுமா?”

கரித்துண்டை எடுத்தார். சிமெண்ட் தரையில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினார். கூட்டினார்.

999999!

கூட்டலை இரண்டு முறை சரிபார்த்தேன். தப்பே இல்லை. புஸ்தகம் பொய்யா? ஆனாலும் வாக்கு வாக்குதானே... முனியாண்டியிடம் முகத்தைக் காட்டினேன். இடது பக்கம் போயிற்று.

அப்போதுதான் தரையைத் துடைக்க ஈரத்துணியோடு என் மனைவி வந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள்.

“ஏண்ணே, ஆறு தடவைன்னுதான சொன்னீக? இங்கன ஏழு வரி கிடக்கு?”

மச்சான் அசரவில்லை. “மொத வரி சாமிக்குத் தாயி. உப்பளத்துல மொதக் கூடை சாமி கூடை. அதை நாங்க எண்ண மாட்டோம்.”

ஏழால் பெருக்கினால் எல்லாம் ஒன்பதாகிவிடும் என்பதும் அதே புஸ்தகத்தில்தான் இருந்தது. அடுத்த பக்கத்தில். நான் புரட்டவில்லை.

ஒன்று மட்டும் புரிந்தது. பெரிய நம்பரால் ஆபத்து இல்லை. ‘ஒன்று’ என்று எங்கே எண்ண ஆரம்பிக்கிறோம் என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம்!

“அப்ப நாந்தானே ஜெயிச்சேன்!” என்று குதித்தேன். எதிரே கண்ணாடி. பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், அழுகையே வந்தது.

முனியாண்டி கத்தியைத் தீட்டிக்கொண்டே ஆறுதல் சொன்னார்:

“விடுங்க சார். மொதப் பாதி சாமிக்கு. கணக்குல வராது.”