பதினோராம் நம்பர்க் காட்டு வளைவு

மூணாறில் சுற்றுலா ஜீப் ஓட்டுகிறவனுக்குச் சமரம் புதிதில்லை. போராட்டத்தை நாங்களும் சமரம் என்றுதான் சொல்வோம். மலையாளச் சொல் வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குள் யானை வந்தால் சமரம், பாலம் உடைந்தால் சமரம், பட்டா கேட்டுச் சமரம். தூரத்தில் கூட்டம் தெரிந்ததும் வண்டியை ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துவேன். "அரை மணி நேரத்துல விட்ருவாங்க சார்" என்று பின்னால் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டு, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து ஒரு தூக்கம் போடுவேன். எனக்கு அது மழை மாதிரி. யார் மேல் பெய்கிறது என்று கேட்டதில்லை.

என் மனைவியைச் சாலையின் நடுவில் உட்கார்ந்திருக்கப் பார்த்த காலை வரைக்கும் அப்படித்தான் இருந்தேன்.

ஐப்பசி மழை ஓய்ந்து சில நாட்கள் ஆகியிருந்தன. சென்னையிலிருந்து வந்த ஒரு கணவன் மனைவியைச் சூரிய உதயம் காட்டக் கூட்டிப் போயிருந்தேன். உதயம் இருந்த இடத்தில் மேகம்தான் இருந்தது. இருவரும் அரை மணி நேரம் வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "பரவால்ல, இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்று அந்தப் பெண் சொன்னாள். திரும்பி எஸ்டேட் சாலையில் இறங்கும்போது மேகமும் எங்களோடு இறங்கியது. வண்டியின் மூக்குக்கு முன்னால் எதுவும் தெரியவில்லை. அந்தச் சாலையை என் கைகளுக்குத் தெரியும். கண்களைக் கேட்காமலே அவை திருப்பின. சில்வர் ஓக் மரங்களிலிருந்து சொட்டுகிற தண்ணீர் ஜீப்பின் கூரையில் விழும் சத்தம் மட்டும் கூடவே வந்தது.

தேயிலைத் தோட்டத்தின் ஒவ்வொரு பகுதியையும் நம்பர் போட்டுக் காடு என்றுதான் சொல்வோம். பதினோராம் நம்பர்க் காட்டு வளைவில் சாலையை அடைத்துக்கொண்டு கறுப்பாக ஏதோ கிடந்தது. காட்டுமாடுகள் என்று நினைத்தேன். குளிர்காலத்தில் தார்ச்சாலையின் சூட்டுக்கு அவை வந்து படுப்பதுண்டு. விளக்கை அணைத்துவிட்டு மெல்ல உருட்டினேன். அப்போது அந்தக் கறுப்பில் ஒன்று இருமியது. பிறகு இன்னொன்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டது.

பெண்கள். நாற்பது பேர் இருக்கும். இடுப்பில் படங்கு என்கிற தார்ப்பாய்த் துண்டைக் கட்டி, தலையில் துணி சுற்றி, கொழுந்து எடுக்கப் போகிற அதே கோலத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கொடி இல்லை, மைக் இல்லை, கோஷம்கூட இல்லை. ஒவ்வொருத்தியின் முன்னாலும் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. எல்லாம் நிரம்பியிருந்தன. மேகம் அவர்களுக்கு நடுவே நுழைந்து, ஒரு வரிசையை மறைத்து, அடுத்த வரிசையைக் காட்டியது.

ஒருத்தி எழுந்து வண்டியை நோக்கி வந்தாள். கிட்டே வந்த பிறகுதான் முகம் தெரிந்தது. காலையில் அடுப்படியில் நின்று, "எனக்கு நேரமாவும், நீங்க கெளம்புங்க" என்று என்னை அனுப்பிவைத்தவள்.

"ஏங்க, வண்டிய ஓரமா நிப்பாட்டிருங்க. மேனேஜர் வர்ற வரைக்கும் எதுவும் போவாது" என்றாள்.

"நீ என்ன இங்க?"

"சமரம்."

"என்ன சமரம்? எங்கிட்ட ஒண்ணும் சொல்லல?"

அவள் என்னையும் பின்னால் இருந்தவர்களையும் பார்த்தாள். "இருங்க. தெரியும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். நாலு எட்டில் மேகம் அவளை எடுத்துக்கொண்டது.

நான் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்க்கவில்லை. கோபம் வந்தது. ஊரெல்லாம் வண்டியோட்டுகிறவனின் வீட்டுக்காரி வண்டியை மறிப்பதா என்ற கோபம். அதைவிட, ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் காய்ச்சிய கட்டன் சாயாவைக் குடித்துவிட்டு, எனக்குத் தெரியாத ஒரு காரியத்துக்கு அவள் போயிருக்கிறாள் என்பது உறுத்தியது.

அந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தைய வாரம் அவளுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. மூத்திரத்தில் ரத்தம் போனது. டவுன் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, கிட்னியில் தொற்று என்றார்கள். "தண்ணி குடிக்கவே மாட்டீங்களா?" என்று டாக்டர் அவளைக் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் அங்கேயே அவளைத் திட்டினேன். வீட்டுக்கு வந்ததும் இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். தினமும் சாயங்காலம் அவள் பையிலிருந்து அதை எடுத்துப் பார்ப்பேன். காலியாக இருக்கும். சரியாகத்தான் கவனித்துக்கொள்கிறேன் என்று எனக்கு என்மேல் ஒரு திருப்திகூட இருந்தது.

ஒரு மணி நேரம் போயிருக்கும். பின்னால் இன்னும் இரண்டு ஜீப்புகள் வந்து நின்றன. சென்னைப் பெண் கணவனின் காதில் ஏதோ சொன்னாள். அவர் என்னிடம் குனிந்து, "பக்கத்துல டாய்லெட் எதாவது இருக்குமா?" என்று கேட்டார்.

"வியூ பாயிண்ட்ல இருந்துச்சே சார்."

"அது பூட்டியிருந்துச்சு."

அடுத்தது கடைவீதியில்தான், மறியலுக்கு அந்தப் பக்கம். என்ன செய்வதென்று தெரியாமல் இறங்கிப் போய் என் மனைவியிடம் சொன்னேன். அவள் எழுந்து வந்து ஜீப்பின் பக்கவாட்டில் நின்றாள்.

"இங்க ஒண்ணும் கெடையாதும்மா" என்றாள். "அதுக்குத்தான் உக்காந்திருக்கோம்."

சென்னைப் பெண்ணுக்கு முதலில் புரியவில்லை. பிறகு, "அப்போ நீங்கல்லாம் எப்படி?" என்று கேட்டாள்.

"தண்ணி குடிக்க மாட்டோம்."

மணி எத்தனை என்று கேட்டால் சொல்வது போல அதைச் சொன்னாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். என் கால்கள் தரையில் இருந்தது நன்றாகத் தெரிகிறது. மற்றதெல்லாம் வேறு யாருக்கோ நடந்தது போலத்தான் இன்றைக்கும் நினைவில் இருக்கிறது.

"எறங்கி வாங்க. நாங்க பாத்துக்கிடுதோம்" என்று அவள் கையை நீட்டினாள்.

நாலைந்து பெண்கள் எழுந்தார்கள். மறைப்பாகப் பிடிக்க இடுப்புப் படங்கை அவிழ்த்து உதறினார்கள். சென்னைப் பெண்ணை நடுவில் விட்டு, தேயிலை வரிசைக்கு இடையில் இருந்த தடத்தில் இறங்கினார்கள். நாங்கள் ஆண்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் பள்ளத்தாக்குப் பக்கம் திரும்பிக்கொண்டோம். திரும்புவதற்கு முன் ஒரு கணம் பார்த்தேன். செடிகளுக்கு மேலே வெள்ளைக்குள் தலைத்துணிகள் மட்டும் வட்டமாக மிதந்துகொண்டிருந்தன. ஒருத்தி ஏதோ சொல்ல, மற்றவர்கள் மெல்லச் சிரித்தார்கள். இத்தனை வருடம் இந்தக் காட்டின் நடுவே வண்டி ஓட்டியிருக்கிறேன். "அதோ பாருங்க, கொழுந்து எடுக்கிறாங்க" என்று எத்தனையோ பேருக்கு விரல் நீட்டிக் காட்டியிருக்கிறேன். அவர்கள் ஒரு நாள் முழுக்க அங்கே எப்படி நிற்கிறார்கள் என்று நான் பார்த்ததே இல்லை.

சென்னைப் பெண் திரும்பி வந்தபோது கணுக்காலில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. வயதான ஒரு அக்கா மடியிலிருந்து சுண்ணாம்பு எடுத்துத் தடவி அதை விழவைத்தார். அதன் பிறகும் சென்னைப் பெண் வண்டியில் ஏறவில்லை. என் மனைவிக்குப் பக்கத்தில், ஈரச் சாலையில், செருப்பைக் கழற்றிப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். அவள் கணவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

ஒன்பது மணிக்கு மேல் மேனேஜரின் வண்டி வந்தது. வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாத மலையாளி இளைஞர். தமிழ் ஓரளவு பேசுவார். கண்ணாடியை இறக்கி, "பிரஸ்னம் எந்தா?" என்று மலையாளத்தில் என்ன பிரச்சினை என்று கேட்டார். பெண்கள் வழி விடாமல் உட்கார்ந்தே இருந்தார்கள். அவர் இறங்கி வந்தார். பெண்கள் என் மனைவியின் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினார்கள். ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொல்ல எழுப்பினால்கூட எழுந்திருக்காதவள். பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"சார், இத காலைல ரொப்பிக் கொண்டாருவேன். சாயந்தரம் செடிக்கு ஊத்திருவேன். காலி பாட்டில வீட்டுக்குக் கொண்டு போவேன். காலியா இருந்தாத்தான் எங்க வீட்டுக்காரர் ஏச மாட்டாரு."

அவள் என் பக்கம் பார்க்கவில்லை. ஆனால் மற்றவர்கள் பார்த்தார்கள். பார்வையில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"எனக்கு மட்டும் இல்ல. இந்தா இருக்கிற அக்காவுக்கு ரெண்டு தடவ ஆஸ்பத்திரி. மாசத்துல அந்த மூணு நாளு மழையில நிக்கிறத ஒங்ககிட்ட எப்படி சார் சொல்ல? காட்டுக்கு ஒண்ணு கட்டிக் குடுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

"இதுக்கு ரோட்டுல இருக்கணுமா? எழுதித் தந்தா போதுமே."

"மூணு தடவ எழுதிக் குடுத்தாச்சு சார். மலையாளத்துல எழுதி வாங்கித்தான் குடுத்தோம்."

மேனேஜர் காதைச் சொறிந்தார். "காட்டுக்குள்ள கட்டினா ஆனை இடிச்சுப் போடும்."

சுண்ணாம்பு வைத்த அக்கா உட்கார்ந்தபடியே சொன்னார்: "ஆனை ஆபீசு சுவரையுந்தான் இடிச்சுது சார். அத மறுநாளே கட்டினீங்கல்லா?"

கூட்டம் முழுக்கச் சிரித்தது. மேனேஜருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்ச நேரம் ஃபோனில் யாரிடமோ பேசினார். பிறகு, கட்டித் தருவதாகச் சொன்னார். பெண்கள் அதை எழுதித் தரச் சொன்னார்கள். என் ஜீப்பின் பானெட்டில் காகிதத்தை வைத்து மலையாளத்தில் எழுதினார்.

"கீழ தமிழ்லயும் வேணும்" என்றாள் என் மனைவி. அவருக்குத் தமிழ் எழுதத் தெரியாது. அவள் பேனாவை வாங்கி என்னிடம் நீட்டினாள். "நீங்க எழுதுங்க."

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் நாலு வரிக்கு மேல் எழுதியதில்லை. பதினோராம் நம்பர், பதினாலு, பத்தொன்பது என்று காடுகளை அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். பானெட்டின் ஈரத்தில் காகிதம் லேசாகச் சுருண்டது. 'கழிப்பறை' என்ற சொல்லை எழுதும்போது எழுத்து தப்பியது. அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

மேகம் விலகிக்கொண்டிருந்தது. அவர்கள் எழுந்து, படங்கைக் கட்டிக்கொண்டு, அப்படியே காட்டுக்குள் வேலைக்கு இறங்கினார்கள். சாலை காலியானபோது அங்கே யாரும் உட்கார்ந்திருந்ததாகவே தெரியவில்லை.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்து கால் கழுவும் வரை காத்திருந்தேன்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"எப்படிச் சொல்ல?" என்றாள். "வீட்டுல வச்சு இதெல்லாம் பேச வாய் வரல."

"ரோட்டுல மட்டும் வந்துச்சா?"

அவள் யோசித்தாள். "ரோட்டுல நாங்க நாப்பது பேருல்லா" என்றாள்.

அவள் அரிசி களைந்தாள், நான் தேங்காய் துருவினேன்.

கிறிஸ்துமஸ் கழிந்து பதினோராம் நம்பர்க் காட்டில் முதலாவதைக் கட்டினார்கள். சிமெண்ட் தரை, தகரச் சுவர், மேலே ஒரு தண்ணீர்த் தொட்டி. கட்டியதும் பூட்டுப் போட்டுச் சாவியைச் சூப்பர்வைசரிடம் கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஓர் ஆணிடம் போய்ச் சாவி கேட்க வேண்டுமா என்று ஒரு திங்கட்கிழமை காலையில் ஆட்களின் பெயர் கூப்பிட்டு மஸ்டர் எடுக்கும் இடத்திலேயே பெண்கள் உட்கார்ந்தார்கள். மதியத்துக்குள் பூட்டைக் கழற்றிவிட்டார்கள். பதினாலில் அடுத்தது வந்தது. பத்தொன்பதில் இன்னும் வரவில்லை. கோடை போகட்டும் என்கிறார்கள். அவளுக்கு அதன் பிறகு காய்ச்சல் வரவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் அவளையும் இன்னும் ஏழு பேரையும் எஸ்டேட்டின் வேறொரு டிவிஷனுக்கு ஜீப்பில் கூட்டிப் போனேன். அங்குள்ள பெண்கள் பேச வரச்சொல்லியிருந்தார்கள். அங்கிருந்த பள்ளிக்கூடத்தின் வாசலில் அவர்களை இறக்கிவிட்டு, சீட்டில் சாய்ந்துகொண்டேன். ஓட்டுக்கூரைக்கு மேலே மேகம் தாழ்ந்து வந்து அங்கேயே நின்றது. உள்ளே யார் யாரோ பேசும் சத்தம் கேட்டது, வார்த்தைகள் பிடிபடவில்லை. முகம் தெரியாத ஒரு பெண் கதவருகே வந்து, "அண்ணே, தூறுதுல்லா, உள்ள வாங்க" என்று கூப்பிட்டாள். தயங்கித் தயங்கிப் போனேன். சின்னப் பிள்ளைகள் உட்காரும் குட்டிப் பெஞ்சில் கடைசியாக ஓர் இடம் விட்டார்கள். முழங்கால் இடிக்க உட்கார்ந்தேன். முன்னால் ஒரு சின்னப் பெண் கையிலிருந்த நோட்டைப் பார்த்து, அவர்கள் லயத்துக்குப் பின்னால் மண் சரிந்ததைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.