மூன்றில் ஒரு சுற்று

“இம்புட்டுப் படிக்க வச்சது மல்லாக்க விழுகவாடி?” என்று, நான் மல்யுத்தம் பழகுவதைச் சொன்னதும் அப்பா கேட்டார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய் உடற்கல்வி படிக்கிறேன். வகுப்புக் கட்டுரைக்காகத் தேடியபோதுதான் கம்போடியாவின் கெமர் மல்யுத்தத்தை வீடியோவில் பார்த்தேன். இரண்டு மேளங்கள் முழங்க, இருவரும் முதலில் ஆடுகிறார்கள். பிறகு மோதுகிறார்கள். முதுகு தரையில் பட்டால் அந்தச் சுற்று போச்சு. மொத்தம் மூன்று சுற்று. ஆனால் சுற்று முடிந்ததும் விழுந்தவரிடம் கேட்கிறார்கள், தொடர்கிறாயா என்று. அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.

கல்லூரி விழாவுக்காக, சுந்தரபாண்டியத்திலிருந்து வரும் தோழியோடு இரண்டு மாதம் அதைப் பயிற்சி செய்தேன். முதல் சுற்றில் எப்போதும் அவள் என்னைச் சாய்த்துவிடுவாள். அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியதும் மற்ற இரண்டும் எனக்குத்தான். அதைப் பார்க்கத்தான் அப்பாவை மில்லில் அரைநாள் லீவு போட வைத்துக் கூட்டிப்போனேன்.

ஆடினோம். மோதினோம். வழக்கம்போல் நான் விழுந்தேன். நடுவராக நின்ற சீனியர் அக்கா குனிந்து வாய் திறப்பதற்குள், மைக்கைப் பிடித்திருந்த ஆசிரியர் நடனம் பிரமாதம் என்று பாராட்டி, தோழியை ஜெயித்தவளாக அறிவித்துவிட்டார். நான் எழுவதற்குள் மெத்தையைச் சுருட்டத் தொடங்கினார்கள். இன்னும் இரண்டு சுற்று இருக்கிறது என்று மேடை ஓரத்தில் ஆசிரியரிடம் மன்றாடினேன்.

“அதான் விழுந்தாச்சுல்லம்மா, பொறவென்ன?” என்றார்.

பஸ்ஸில் அப்பாவிடம் விதியை முழுதாக விளக்கினேன். இறங்கும்போது அவர் சொன்னார்.

“தோத்தவுக எல்லாரும் சொல்லுறதுதான். முதுகுல அடி கிடி உண்டா?”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தப் பரிவைத்தான் தாங்க முடியவில்லை. மீதி இரண்டு சுற்றுக்கு வேறொரு நாள் தருமாறு துறையில் எழுதிக் கொடுத்தேன். சிரித்தார்கள். எனக்கு வெற்றிகூட வேண்டாம். அந்தக் கேள்வியை யாராவது என்னிடம் கேட்டிருக்கலாம்.

நேற்றுக் காலை அப்பாவின் மம்பட்டியை எடுத்து, வீட்டுக்குப் பின்னால் உள்ள காலியிடத்தைக் கொத்தினேன். கல்லெல்லாம் பொறுக்கி, மணல் பரப்பினேன். மேளத்துக்கு இரண்டு பிளாஸ்டிக் டிரம்களைக் கவிழ்த்து வைத்தாயிற்று. தோழி ஞாயிறு முதல் பஸ்ஸில் வருகிறாள். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன்.

“முதல்ல நான் விழுவேன்ப்பா. விழுந்ததும், தொடருறியான்னு நீங்கதான் என்கிட்ட கேக்கணும்.”

மணலைக் காலால் அமுக்கிப் பார்த்தார். மம்பட்டியைக் கழுவி வைக்கச் சொன்னார். கழுவி வைத்தேன்.