பொம்மைக்குப் பக்கத்தில் நிற்பவர்

யாராவது படியேறி வரும் சத்தம் கேட்டால் ஆண்டியப்பனின் வலது கை தானாகத் தோளுக்குப் போகிறது. அங்கே சேலை எதுவும் இல்லை என்று தெரிந்ததும், சட்டைக் காலரைச் சரிசெய்வது போல ஒரு பாவனை காட்டிவிட்டுக் கீழே இறங்குகிறது. பிறகு தரையில் ஒட்டியிருக்கும் மஞ்சள் வட்டத்துக்குள் இரண்டு காலையும் கொண்டுவந்து வைத்துக்கொள்கிறார். அவர் நிற்க வேண்டிய இடம் அதுதான். பக்கத்தில் பட்டுச் சேலை கட்டிய ஒரு பொம்மை. அதற்கும் ஒரு வட்டம் உண்டு.

புதுக்கோட்டைக் கடைவீதியில் இருக்கும் இந்த ஜவுளிக்கடைக்குப் போன வருஷம் வரை முதலாளியின் பெயர்தான் பெயர். இப்போது ஒரு கம்பெனி வாங்கிவிட்டது. புதுப் பெயர் எனக்கு வாயில் நுழையவில்லை. உட்கார்ந்து சேலை பார்க்கும் மெத்தை போய்விட்டது. சேலைகளெல்லாம் ஹேங்கரில் ஏறிவிட்டன. பழைய விற்பனையாளர்களில் ஆண்டியப்பன் மட்டும் அப்படியே இருக்கிறார். ஐம்பதைத் தாண்டிய வயது, நல்ல கறுப்பு, ஒல்லியான உடம்பு, முறுக்கிய மீசை. மீசைக்கு மட்டும் கம்பெனி இன்னும் சட்டம் போடவில்லை.

அந்த மீசையோடுதான் அவர் சேலை கட்டிக் காட்டுவார். துணியை ஒரு உதறு உதறி, பேண்ட்டுக்கு மேலேயே கொசுவம் வைத்துச் செருகி, முந்தானையைத் தோளில் போட்டுக்கொண்டு பாதி வட்டம் திரும்பி நிற்பார். பெண்கள் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் சிரிப்பு நின்று சேலையை மட்டும் பார்ப்பார்கள். ஒரு தீபாவளிக்கு என் மனைவி அவர் தோளிலிருந்து உருவிய சேலையைக் கீழே வைக்காமல் நேரே பில் போடக் கொண்டுபோனாள். நான் எடுத்துக் காட்டிய சேலை எதற்கும் அவளுக்கு அந்த வேகம் வந்ததில்லை.

இப்போது கட்டிக் காட்டக் கூடாது. ஆண் ஊழியர் சேலை கட்டினால் கம்பெனியின் தோற்றத்துக்குப் பொருந்தாதாம். அதற்குத்தான் பொம்மை. 'எந்த ஊரு?' என்றும் கேட்கக் கூடாது, அது தனிப்பட்ட கேள்வி. கடலோர ஜெகதாப்பட்டினத்துப் பெண்கள் வந்தால், போட்டெல்லாம் கரைக்கு வந்துருச்சா என்று கேட்டுவிட்டுத்தான் சேலையைத் தொடுவார் இந்த மனுஷர். இன்று அவர்களிடம், "வணக்கம், உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்கிறார். வேறு யாரிடமோ சொல்கிறார் என்று நினைத்து அவர்கள் பின்னால் திரும்பிப் பார்க்கிறார்கள்.

"மொதல்ல, ஆளு வந்தா பக்கத்துல போயி நில்லுங்கன்னாங்க சார். நின்னேன். அப்பறம், பக்கத்துல போகாதீங்க, அவங்களே பாக்கட்டும்னாங்க. தள்ளி நின்னேன். இப்ப ஏன் தள்ளி நிக்கிறீங்கன்னு கேக்குறாங்க. இங்கிட்டு நிக்கிறதா, அங்கிட்டு நிக்கிறதான்னு கேட்டேன். இந்த வட்டத்த ஒட்டிக் குடுத்துட்டாங்க."

இத்தனைக்கும் மேல் ஒரு பயம். கம்பெனி ஆட்கள் வாடிக்கையாளர் வேஷத்தில் வந்து ஊழியர்களைச் சோதிப்பார்களாம். ஆண்டியப்பன் ஏற்கெனவே இரண்டு தடவை மாட்டிக்கொண்டார். ஒன்று, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை சட்டைப் பைக்குள் இருந்ததற்கு. இன்னொன்று எதற்கென்று அவருக்கு இன்றுவரை தெரியாது. மறுபடி மாட்டினால் சென்னைக்குப் பக்கத்தில் உள்ள குடோனுக்கு மாற்றிவிடுவார்கள். அரிமளத்தில் வீட்டையும் மனைவியையும் விட்டுவிட்டுப் போக வேண்டும். "அங்க பெட்டியத்தான் பாக்கலாம் சார். மனுசரப் பாக்க முடியாது" என்கிறார்.

அதனால் யாரைப் பார்த்தாலும் சந்தேகம். அழுகிற கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண்ணைக்கூட விடவில்லை: "புள்ளையக்கூட யாருகிட்டயாச்சும் வாங்கிட்டு வந்திருக்கலாம்ல?" பழகிய என்னிடமே ஒருநாள் குரலைத் தாழ்த்தி, "சார், நீங்க அவங்க ஆளு இல்லீல்ல?" என்று கேட்டார். சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு என்னவோ போலிருந்தது.

சென்ற வாரம் நான் துண்டு வாங்கப் போயிருந்தபோது ஒரு அம்மாள் தனியாக வந்தார். ஆண்டியப்பன் கேட்காமலே அந்த அம்மாள், தான் குன்றாண்டார்கோவில் பக்கம் என்றும், மகனுக்குப் பரிசம் போடப் போகிறோம் என்றும் சொன்னார். பரிசச் சேலையை மாப்பிள்ளை வீட்டார்தான் எடுத்துப் போவார்கள். பெண் கடைக்கு வருவதில்லை. மாம்பழ மஞ்சளில் ஒரு பட்டுச் சேலையை எடுத்துப் பொம்மையின் மேல் வைத்துப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"இந்தப் பொம்மை சுண்ணாம்பு அடிச்ச மாதிரில்ல இருக்கு. நானும் வெளுப்பு. எங்க வீட்டுக்கு வரப்போற புள்ள ஒங்க நெறம்ணே. நீங்க கட்டிக் காட்டுங்க."

"எங்களுக்கு அதுக்கு அனுமதி இல்லம்மா."

"கருத்த புள்ளைக்குன்னு பாக்காம எடுத்துட்டு வந்துட்டாகன்னு சபையில ஒரு பேச்சு வந்துரக் கூடாதுல்லண்ணே? மொத மொதல்ல அந்தப் புள்ள ஒடுத்தப்போற எங்க வீட்டுச் சேலை."

ஆண்டியப்பன் மேலே மாட்டியிருந்த கண்காணிப்புக் கேமராவைப் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்தார். "சார், இந்தம்மா கையில இருக்குற போனப் பாத்தீங்களா? எம்புட்டுப் பெருசு!" உள்ளதைச் சொன்னால், அந்த நிமிஷம் எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. மகன் வாங்கிக் கொடுத்த போனாக இருக்கும் என்று ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று இப்போது வெட்கமாக இருக்கிறது.

மாடியின் பொறுப்பாளர் ஷர்லி, சின்னப் பெண். ஆண்டியப்பன் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் தன் போனில் தலைமை அலுவலகத்துச் செய்திகளை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

"கட்டிக் காட்டக் கூடாதுன்னும் போட்டிருக்காங்கண்ணே. கஸ்டமர் கேட்டா இல்லன்னு சொல்லக் கூடாதுன்னும் போட்டிருக்காங்க."

"அப்ப நான் என்ன செய்யட்டும்மா?"

"எனக்கும் தெரியலைண்ணே" என்று உண்மையைச் சொல்லிவிட்டு, அவள் சுடிதார் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. எங்கோ உட்கார்ந்துகொண்டு இப்படி எழுதி அனுப்புகிறவர்கள் மேல்தான் வந்தது.

அந்த அம்மாள் பெருமூச்சு விட்டுச் சேலையை மடிக்க ஆரம்பித்தார். "பரவால்லண்ணே. வேற கடையில பாத்துக்கறேன்."

ஆண்டியப்பன் கையை நீட்டி அதை வாங்கினார். வட்டத்தை விட்டு வெளியே வந்தார். ஒரே உதறு, கொசுவம் இடுப்பில் ஏறியது, முந்தானை தோளுக்குப் போனது. அந்தக் கறுத்த கழுத்தின் ஓரத்தில் மஞ்சள் பட்டு பளீரென்றிருந்தது. அந்த அம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டார்.

பாதி வட்டம் திரும்புவதற்கு முன் அவருக்கு ஏதோ நினைவு வந்தது. முந்தானைக்கு அடியில் மாட்டிக்கொண்ட அடையாள அட்டையைத் தேடி வெளியே இழுத்து, ஜரிகையின் மேல் பெயர் நேராகத் தெரியும்படி விட்டுக்கொண்டு, முதலில் கேமராவுக்கும், பிறகு அந்த அம்மாளுக்கும் திரும்பிக் காட்டினார்.